எறும்பு வராத கோலம்

சொந்த மகள் அப்பன் வீட்டு வாசலில் நின்றுகொண்டு துப்பட்டாவால் மூக்கை மூடினால் எந்த மனுஷனுக்குத்தான் கோபம் வராது? எனக்கு ஏற்கெனவே மூக்கு நுனியில் கோபம். இடுப்பில் மூன்று வயதுப் பேத்தியை வைத்துக்கொண்டு அவள் படிக்கட்டுப் பக்கமாக இரண்டடி பின்னால் வேறு போனாள்.

“உள்ள வராம அங்கியே நின்னா இன்னா அர்த்தம்?” என்றேன்.

“வீட்ல இன்னாப்பா அடிச்ச? கண்ணெல்லாம் எரியுது.”

“கரப்பானுக்கு அடிச்சேன். கொழந்த வருதேன்னுதான் நேத்தே மூலமுடுக்கெல்லாம் அடிச்சு வெச்சேன்.”

பெருமையாகத்தான் சொன்னேன். எங்கள் வீட்டு வழக்கம் அது. நாளைக்கு யாராவது வருகிறார்கள் என்றால் மற்ற வீடுகளில் திரைச்சீலையை மாற்றுவார்கள், கூடுதலாகப் பால் வாங்கி வைப்பார்கள். நாங்கள் பூச்சி மருந்து அடிப்போம். குளிக்கிற இடத்துச் சாக்கடைத் துளை, அதான் மோரி, அதன் ஜாலி மூடியைத் தூக்கி உள்ளே கொஞ்சம், சிங்க்குக்கு அடியில் கொஞ்சம், கட்டிலுக்குப் பின்னால், காஸ் சிலிண்டர் மூலையில் என்று வீடு முழுக்க அடித்துவிட்டுக் கதவைச் சாத்தி வைப்போம். என் மனைவி ஏற்படுத்திய முறை. அவள் போய் இரண்டு வருஷம் ஆகிறது. முறை மட்டும் அப்படியே இருந்தது.

அன்றைக்குப் பேத்தி என்னோடு தங்குவதாக ஏற்பாடு. மகள் ஊரின் மறுகோடியில், கராடியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். மாப்பிள்ளை மராட்டிக்காரர், நல்ல பிள்ளை, அவரும் அதே மாதிரி வேலை. குழந்தையை இரண்டு நாள் என்னிடம் விட்டுவிட்டுப் போகிறேன் என்று அவளே போனில் சொன்னாள். நான் எங்கள் பேட்டையான கட்கி பஜாருக்குப் போய்ப் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று, குட்டியாக, மஞ்சள் நிறத்தில் வாங்கி வைத்திருந்தேன். அது ஹாலில் உட்கார்ந்திருந்தது. குழந்தை இடுப்பிலிருந்தே அதைப் பார்த்துக் கையை நீட்டியது.

மகள் குழந்தையைக் கீழே விடவில்லை. “அப்பா, கோவிச்சுக்காத. போன வாட்டி இங்கேர்ந்து போனதும் இவளுக்கு மூச்சு இழுக்க ஆரம்பிச்சுது. அதுக்கு முன்னாடி வந்தப்பவும் அப்படித்தான். டாக்டர் மொதல்ல கேட்டதே, வீட்ல எதாவது ஸ்ப்ரே அடிக்கிறீங்களான்னுதான். நாங்க எங்க வீட்ல எப்பவோ நிறுத்திட்டோம். நீயும் நிறுத்து. அதுவரைக்கும் இவள இங்க விட முடியாதுப்பா.”

“கரப்பான் கொழந்த மேல ஏறினா பரவால்லியா?”

“கரப்பான் ஏறினா தட்டி விடலாம். மூச்ச இழுத்து விட யாரால முடியும்?”

வாசலிலேயே நின்று தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார்கள். குழந்தையின் துணிப்பை காரின் பின்சீட்டிலேயே இருந்ததைப் பார்த்தேன். ரோஜா நிறப் பை, அதில் ஒரு முயல். அது கீழே இறங்கவே இல்லை. கார் திரும்பும்போது குழந்தை கண்ணாடி வழியாகக் கையாட்டியது. நானும் ஆட்டினேன். பிறகு உள்ளே வந்து, மஞ்சள் நாற்காலியைத் தூக்கிப் பரண்மேல் போட்டேன். அவ்வளவு ஆத்திரம்.

ஆத்திரத்துக்குக் காரணம் உண்டு. இந்த மருந்தெல்லாம் யாருக்காக ஆரம்பித்தது? அவளுக்காகத்தான். நான் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் ஸ்டோர் பார்த்துக்கொண்டிருந்த காலம். குவார்ட்டர்ஸ் வீடு, பழைய சுவர், சுவரெல்லாம் விரிசல். மகள் கைக்குழந்தை. ஒரு நாள் மத்தியானம் பால் குடித்துவிட்டு வாயோரம் பால் வழியத் தூங்கியிருக்கிறாள். சமையலில் இருந்த என் மனைவி அழுகைச் சத்தம் கேட்டு ஓடிப்போய்ப் பார்த்தால், குழந்தையின் உதட்டிலும் கன்னத்திலும் எறும்பு. செவ்வெறும்பு. முகம் வீங்கிப் போயிற்று. அன்றைக்கு என் மனைவி பேய் பிடித்தவள் மாதிரி ஆனாள். வேலூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து, ஒரு வார்த்தை இந்தி தெரியாமல் திணறிக்கொண்டிருந்தவள், தனியாகக் கடைக்குப் போய், சைகை காட்டியே பூச்சி மருந்து வாங்கி வந்தாள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எறும்பு என்ற ஜென்மமே கிடையாது.

ரிட்டையர் ஆனதும் கட்கியிலேயே தரைத்தளத்தில் இந்த ஒற்றைப் படுக்கையறை வீட்டை வாங்கினோம். இங்கேயும் அதே கதைதான். பீரோவில் பாச்சை உருண்டை, அரிசி டப்பா வைக்கிற தட்டில் ஒரு பொடி, கதவிடுக்கில் இன்னொரு பொடி. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் “இன்னா வாசன இது” என்று கேட்பார்கள். எங்களுக்கு ஒரு வாசனையும் தெரியாது. அவள் போனபிறகுதான் எனக்கு அது தெரிய ஆரம்பித்தது. வெளியே போய்விட்டு வந்து கதவைத் திறந்ததும் குப்பென்று அடிக்கும். அவள் உள்ளே எங்கேயோ வேலையாக இருக்கிறாள் என்று ஒரு விநாடி தோன்றும். அந்த ஒரு விநாடிக்காகவே நான் தேவையில்லாமல் வெளியே போய்விட்டு வருவதுண்டு.

வேறு யார் இருக்கிறார்கள்? எதிர்வீட்டு அம்மாள் நல்லவர்தான். பார்க்கும்போதெல்லாம் “ஜேவண் ஜாலா?” என்று சாப்பாடு ஆயிற்றா எனக் கேட்பார். நான் “ஜாலா” என்பேன். கதவைச் சாத்திக்கொள்வார். காய்கறிக்காரனிடம் இந்தி, வங்கியில் இங்கிலீஷும் இந்தியும். நாள் முழுக்க ஒரு வார்த்தை தமிழ் பேசாமல் படுத்த நாட்கள் எத்தனையோ. பேசவேண்டும் என்றால் டிவியைத் திட்டுவேன். அதுவாவது பதிலுக்குப் பதில் சத்தம் போடும்.

ஆத்திரம் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. பேத்தியின் போட்டோவை மகள் அனுப்பினாள், முகத்தில் மூச்சு மருந்துக் குழாயின் மூடியோடு. எழுத்து ஒன்றும் இல்லை, படம் மட்டும். நான் எழுந்துபோய்ச் சிங்க்குக்கு அடியில் கையை விட்டேன்.

அடேயப்பா! அந்த இடத்தில் என் மனைவி ஒரு ஆயுதக்கிடங்கே வைத்திருந்தாள். ஸ்டோரில் வேலை பார்த்தது நானா அவளா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. எல்லாவற்றையும் ஒரு அட்டைப்பெட்டியில் போட்டுவிட்டு மகளுக்குப் போன் செய்தேன். “மோரியில ஊத்திடட்டா?” என்று கேட்டேன்.

“ஐயோ, ஊத்தாதப்பா! அது ஆத்துக்குத்தான் போவும். தனியா கட்டி, மேல எழுதி ஒட்டி, கச்ரா எடுக்க வர்ற அக்கா கைல சொல்லிக் குடு. மத்த குப்பையோட கலக்காத.”

“சரி. கரப்பானுக்கு இன்னா பண்ணட்டும்? சலாம் வெக்கட்டுமா?”

அவள் சிரித்தாள். ரொம்ப நாள் கழித்து. “அது ஏன் வருதுன்னு பாருப்பா. தண்ணியும் சோறும் கெடைச்சாதான வரும்?”

பார்த்தேன். சிங்க் குழாயின் மூட்டு எத்தனை வருஷமாக ஒழுகிக்கொண்டிருந்ததோ. குழாய் சுவருக்குள் நுழைகிற இடத்தில் ஒரு பெருச்சாளியே போகலாம், அப்படி ஒரு ஓட்டை. பரண் முழுக்கப் பழைய அட்டைப்பெட்டி. நாங்கள் மருந்தை அடித்துக்கொண்டே, மறுபக்கம் அவற்றுக்கு மெத்தை விரித்து வைத்திருக்கிறோம். பிளம்பரைக் கூப்பிட்டுக் குழாய் மூட்டு மாற்றினேன். ஓட்டையை வெள்ளை சிமென்ட் வைத்து நானே அடைத்தேன். மோரி ஜாலிக்குக் கீழே கொசுவலைத் துண்டு வெட்டி வைத்தேன். சாப்பிட்ட தட்டை உடனே கழுவி, சிங்க்கைத் துணியால் துடைத்துவிட்டுத்தான் படுப்பது என்று ஆக்கிக்கொண்டேன். ஒற்றைத் தட்டு, ஒற்றைத் தம்ளர். துடைக்க எவ்வளவு நேரமாகும்?

எங்கள் குடியிருப்புச் சொசைட்டியில் மாதா மாதம் மருந்து அடிக்க வருகிறவரை வாசலிலேயே நிறுத்தி, என் வீட்டுக்கும் என் கதவுக்கு முன்னாலும் வேண்டாம் என்றேன். செயலாளர் வந்து, என் வீட்டிலிருந்து மற்ற வீடுகளுக்கெல்லாம் ஜுரள் போகும் என்று சண்டைக்கு வந்தார். கரப்பானை இங்கே அப்படிச் சொல்வார்கள். “என் வீட்டுக் கரப்பான் என் வீட்டிலேயே கிடக்கும், உங்கள் வீட்டில் அதற்குச் சாப்பிட ஒன்றும் கிடைக்காது” என்று எனக்குத் தெரிந்த மராட்டியில் சொன்னேன். எதிர்வீட்டு அம்மாள் கதவுக்குப் பின்னால் சிரித்தார். அப்புறம் அவர் வீட்டுக் கதவுக்கு முன்னாலும் அடிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

கரப்பான்கள் குறைந்தன. ஒரே ஒரு கிழட்டுக் கரப்பான் மட்டும் குளிர்ப்பெட்டிக்குப் பின்னாலிருந்து சாயங்காலம் ஆனால் தலையை நீட்டும். செருப்பை எடுத்துக்கொண்டு துரத்துவேன். அதனிடம் நான் தமிழில்தான் பேசினேன்.

பாச்சை உருண்டையைப் பற்றி நானாகக் கேட்டிருக்கவே மாட்டேன். மகள்தான் போனில் கேட்டாள். “அம்மா பீரோவுல இருக்கறதையும் எடுத்துட்டியா? அதுவும் பூச்சி மருந்துதான்ப்பா. கொழந்த முட்டாயின்னு வாயில போட்டுக்கும்.”

“பாக்கறேன்” என்று வைத்துவிட்டேன்.

பார்ப்பதாவது! அந்தப் பீரோ எனக்கு என்ன என்று அவளுக்குத் தெரியாது. மத்தியானத்தில் ஒன்றும் ஓடாதபோது அதைத் திறந்து எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வேன். புடவை மடிப்புகளிலிருந்து அந்த வாசனை வரும். காஞ்சிபுரம் இரண்டே இரண்டு, மீதி எல்லாம் சாதாரணப் புடவை. அவள் மேலிருந்து வந்ததும் அதே வாசனைதான். கல்யாண வீட்டுக்குப் போனாலும் சரி, ஆஸ்பத்திரிக்குப் போனாலும் சரி, அவள் பக்கத்தில் உட்கார்ந்தால் மல்லிகைப்பூவையும் மீறிப் பாச்சை உருண்டைதான் அடிக்கும். நான் கிண்டல் செய்வேன். “உன்ன எந்தப் பூச்சியும் அண்டாதுடி” என்பேன். “அதான் நீ ஒருத்தன் அண்டிட்டியே, போதும்” என்பாள்.

சில நாள் தள்ளிப்போட்டேன். பிறகு ஒரு காலையில் எல்லாப் புடவைகளையும் எடுத்துப் பால்கனிக் கொடியில் போட்டேன். மடிப்பு மடிப்பாக உதறினேன். உருண்டைகள் கரைந்து கரைந்து கடுகு சைஸில் கிடந்தன. பொறுக்கிக் கட்டினேன். பீரோவைத் துடைத்து இரண்டு கதவையும் திறந்தே வைத்தேன். எதிர்வீட்டு அம்மாள் கொடியில் அத்தனை புடவைகளையும் பார்த்துவிட்டு, வழக்கமாகக் கேட்கிறதைக்கூடக் கேட்காமல் உள்ளே போனார். சில நாட்களுக்குப் பிறகு புடவையை முகத்தில் வைத்துப் பார்த்தேன். துணி வாசனை. வெயில் வாசனை. அவள் இல்லை. கட்டிலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் நாலு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள், இப்போது நானே அனுப்பிவிட்டேன் என்று இருந்தது. உலர்ந்த வேப்பிலையைத் துணியில் முடிந்து புடவைகளுக்கு நடுவில் வைத்து மூடினேன். மூடியபின் அந்தப் பீரோவின் எதிரில் உட்காரவில்லை.

மகளுக்குப் போன் செய்து, “வந்து பாரு” என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தாள். குழந்தையை மாப்பிள்ளையோடு காரிலேயே விட்டுவிட்டு முதலில் தான் மட்டும் வந்து, மோப்பம் பிடிக்கிற போலீஸ்காரி மாதிரி வீட்டைச் சுற்றினாள். சிங்க்குக்கு அடியில் குனிந்து பார்த்தாள். அடைத்த ஓட்டையைத் தடவிப் பார்த்தாள். பீரோவைத் திறந்து மூடினாள். “சூப்பர்ப்பா! நீயா இதெல்லாம் பண்ண?” என்றாள். அவள் சின்ன வயதில் பரீட்சையில் நல்ல மார்க் வாங்கிக்கொண்டு வந்து என் முகத்தைப் பார்ப்பாளே, அப்படி நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் காருக்குப் போய்க் குழந்தையைக் கூட்டிக்கொண்டு, கையில் முயல் பையையும் எடுத்துக்கொண்டு வந்தாள். மாப்பிள்ளை வண்டியைப் போட்டுவிட்டுப் பஜார் பக்கம் போனார். நான் பரண்மேல் ஏறி மஞ்சள் நாற்காலியை இறக்கினேன்.

நாற்காலியைத் துடைத்துவிட்டுத் திரும்பினால் குழந்தையைக் காணோம். வாசலில் உட்கார்ந்திருந்தாள். கோலத்தின் மேல் உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கைகளாலும் அதைத் தேய்த்துத் தேய்த்து, வெள்ளைக் கையைத் தூக்கிக் காட்டிச் சிரித்தாள்.

மகள் சிரித்துக்கொண்டேதான் போனாள். பாதி வழியில் அவள் முகம் மாறியது. “அப்பா, யாரு கோலம் போட்டது?”

“நான்தான்.”

“எந்த சாக்பீஸ்ல?”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. என் மனைவி பிளாட் வாசலில் மாவுக்கோலம் போட்டதில்லை. எறும்பு வருமே! ஈரச் சாக்பீஸால் கோலம் போட்டு, அதைச் சுற்றி எறும்பு சாக்பீஸால் ஒரு கோடு இழுப்பாள். பூச்சி தாண்டினால் செத்துவிடும், அந்தச் சாக்பீஸ். இரண்டும் ஒரே பிஸ்கட் டப்பாவில்தான் கிடக்கும். அவள் போய் வருஷம் திரும்பியபின், வாசல் வெறுமையாகக் கிடப்பதைப் பார்க்கமுடியாமல், அக்கம்பக்கம் எழுவதற்குமுன் நானே போட ஆரம்பித்தேன். சாதாரணச் சாக்பீஸ் என்றோ தீர்ந்துவிட்டது. மிச்சமிருந்ததை வைத்துத்தான் கோலத்தையே போட்டுக்கொண்டிருந்தேன். வீட்டை மூலைமூலையாகக் கழுவித் துடைத்தவனுக்கு அது மருந்து என்று தோன்றவே இல்லை. அது அவள் கோலம். கோலத்தைப் போய் யார் சந்தேகப்படுவார்கள்?

மகள் குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு குழாயடிக்கு ஓடினாள். சோப்புப் போட்டுக் கை, கால், முகம் எல்லாம் கழுவினாள், உடுப்பை மாற்றினாள். குழந்தை வீறிட்டு அழுதது. “வாயில வெச்சாளா? வெச்சாளா? நீ பாத்தியா?” என்று என்னைக் கேட்டாள். நான் பார்க்கவில்லை என்றேன். டாக்டருக்குப் போன் போட்டாள். கழுவியது சரி, கவனித்துக்கொள்ளுங்கள், மூச்சு இழுத்தால் உடனே கூட்டி வாருங்கள் என்று சொன்னாராம். அவள் பையை எடுத்துக்கொண்டாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. படியிறங்கும்போது திரும்பி, “தெனமும் நீ கோலம் போடுறேன்னு எங்கிட்ட சொன்னதே இல்லியேப்பா” என்றாள்.

இதையெல்லாமா போனில் சொல்வார்கள்?

குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. சாயங்காலமே போன் வந்தது. அன்றைக்கே அந்த வாசலைச் சோப்பு போட்டுத் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்து, துணியையும் டப்பாவையும் கட்டித் தனியாக வைத்தேன். தேய்க்கும்போது எதிர்வீட்டு அம்மாள் வெளியே வந்து நின்று பார்த்தார். பிறகு ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

மறுநாள் வாசல் மொட்டையாக இருந்தது. அதற்கடுத்த நாளும். மூன்றாம் நாள் காலையில் பொறுக்கமாட்டாமல் அரிசி மாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். விரலிடுக்கில் மாவு நிற்கவில்லை. கோடு போடப் போனால் மேடு விழுந்தது. நாலு இதழ் பூ ஒன்று, ஒரு இதழ் வீங்கி, ஒரு இதழ் சூம்பி. என் மனைவி பார்த்திருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பாள்.

டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் எறும்பு. வரிசையாக, சின்னக் கறுப்பு எறும்பு, படிக்கட்டிலிருந்து கோலம் வரைக்கும். என் கால் தானாக மிதிக்கப் போனது. நிறுத்திக்கொண்டேன். நாங்கள் இந்த வாசலுக்கு வந்து இத்தனை வருஷத்தில் எங்கள் கோலத்துக்கு ஒரு எறும்பும் வந்ததில்லை. வரட்டுமே என்று இருந்தது. யாராவது வரட்டும். உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அந்த நேரம் பார்த்து மகள் வீடியோவில் கூப்பிட்டாள். அன்றைக்கப்புறம் அதுதான் முதல் அழைப்பு. என்ன பேசுவதென்று தெரியாமல் போனை எறும்புப் பக்கம் திருப்பினேன். அந்தப் பக்கம் பேத்தி கூச்சல் போட்டாள். “முங்கி! முங்கி!” எறும்புக்கு மராட்டியில் முங்கி. “தாத்தா, முங்கி கானா காதா ஹை!”

“ஆமாடா கண்ணு, சாப்புடுது. தாத்தா போட்ட சோறு.”

மறுநாள் காலையிலும் கூப்பிட்டாள். என்னைப் பார்க்க அல்ல, முங்கியைப் பார்க்க. நான் போனைக் கீழே வைத்துப் பிடித்துக்கொண்டே இருப்பேன். என் முகம் தெரிந்தால் “தாத்தா, ஹட்டோ” என்று விரட்டுவாள். மாவு மெல்ல மெல்ல என் விரலுக்குப் பழகியது. மகள் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு நாள், “நாலாவது இதழ் இன்னும் கோணலாத்தான்ப்பா வருது” என்றாள்.

போன சனிக்கிழமை வந்தார்கள். குழந்தை வீட்டுக்குள் வரவே இல்லை, வாசலில் எறும்பு பார்க்க உட்கார்ந்துவிட்டது. எதிர்வீட்டு அம்மாளும் பக்கத்தில் குந்திக்கொண்டு மராட்டியில் கதை சொல்லத் தொடங்கினார். மகள் முயல் பையோடு உள்ளே வந்தாள்.

“இவ துணிய எங்க வெக்கட்டும்ப்பா? ரெண்டு நாளைக்கு வேணும்.”

“அம்மா பீரோவுல கீழ்த்தட்டு காலியாத்தான் கீது.”

பீரோவைத் திறந்தாள். பையிலிருந்து கவுன்களை நான் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். அவள் வாங்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். நடுத்தட்டுப் புடவைகளில் ஒன்றை இழுத்து முகத்தில் வைத்திருந்தாள். அதை வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தாள். அடியிலிருந்த காஞ்சிபுரத்தை உருவி அதையும் முகர்ந்தாள்.

“அம்மா வாசனையே இல்லியேப்பா” என்றாள்.

“இல்லம்மா. நான்தான் எடுத்துட்டேன்.”

அவள் தலையாட்டினாள். ஆனாலும் நிறுத்தவில்லை. அன்றைக்கு மூக்கை மூடிக்கொண்டு வாசலில் நின்றவள், புடவை மாற்றிப் புடவையாக முகத்தை வைத்துத் தேடிக்கொண்டே இருந்தாள். நான் குழந்தையின் கவுன்களைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.